மறு: ஜிஞ்சிவோபிளாஸ்டி – ‘ஈறு திருத்தல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக ஜிஞ்சிவோபிளாஸ்டிக்கு, அதாவது தடித்த ஈறைச் செதுக்கி வடிவமைக்கும் சிகிச்சைக்கு, தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘ஈறு திருத்தல்’ என்ற என் யோசனைக்குக் குழுவில் வந்த பதில் இது:

> ‘ஈற்று வடிவமைப்பு அறுவை’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்குப் பொருத்தம்.

மூலத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் இந்தச் சொல்லைக் கேட்கப்போகிறவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

என் தங்கை வலிப்புக்காகப் பல வருஷம் ஃபெனிடாயின் மாத்திரை எடுத்தவள். சிலருக்கு அந்த மருந்து ஈறுகளைத் தடிக்க வைக்கும்; அவளுக்கு முன்பற்கள் பாதி மூடிவிட்டன. மன்னார்குடியிலிருந்து சிகிச்சைக்குப் போனபோது, கையெழுத்துக் கேட்ட படிவத்தில் ‘ஈறு அறுவை’ என்றிருந்தது. அம்மா படித்துவிட்டு, “ஈற அறுத்துட்டா பல்லு எதப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?” என்று கேட்டார். சரியான கேள்வி. படிவத்தில் அதற்குப் பதில் இல்லை.

உண்மையில் நடப்பது என்ன? மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியாலோ லேசராலோ தடித்த விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி மெல்லியதாக்குகிறார்கள். பல்லுக்குப் பல் இடையில் உணவு தங்காமல் வழிந்துபோக நெடுக்கில் சிறு பள்ளம் எடுக்கிறார்கள். நடவுக்கு முன் நம் பக்கம் மேடு தட்டி, வரப்பைச் செதுக்கி, வடிய வாய்க்கால் எடுப்போமே, அதேதான். அதை ‘நிலம் திருத்துவது’ என்கிறோம். புருவத்தையும் திருத்துகிறோம். அதனால் நோய்க்காகச் செய்தாலும், சிரிக்கும்போது ஈறு தூக்கலாகத் தெரிகிறதே என்று அழகுக்காகச் செய்தாலும் இந்த ஒரே வினை பொருந்தும். பல்லைச் சரியாகத் துலக்காவிட்டால், அந்த மாத்திரையும் தொடர்ந்தால், ஈறு மறுபடி வளரலாம். ‘அறுவை’ என்றால் ஒரு தடவையோடு முடிந்தது என்று தோன்றும். திருத்திய நிலத்தை மறுபடி திருத்த வேண்டிவரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நிலத்தில் பள்ளம் நிரப்புவோமே, அது மட்டும் இதில் சேராது. இறங்கிப்போன ஈறுக்குத் திசு ஒட்டுவது வேறு சிகிச்சை, அதற்கு வேறு சொல் வேண்டும்.

‘ஈற்று’ என்று புணர்க்க வேண்டாமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பார்கள். ‘ஆறு கடப்பது’ என்கிறோம், ‘ஆற்றுக் கடப்பது’ என்பதில்லை. மேலும் எங்கள் ஊரில் ‘ஈற்று’ என்றாலே தலையீற்றுப் பசுதான் கண்ணில் வரும். ‘திருத்தம்’ என்றால் சட்டத் திருத்தம் குறுக்கிடுகிறது, ஆகவே ‘திருத்தல்’. ஈறை ‘முரசு’ என்று சொல்லும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘முரசு திருத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். வினை ஒன்றாக இருந்தால் போதும்.

ஜிஞ்சிவெக்டமியை இதோடு குழப்பக்கூடாது. அது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாகிவிட்ட பையின் சுவரையே வெட்டி எடுப்பது. பல நேரம் இரண்டையும் ஒரே அமர்வில் செய்வார்கள். அதற்கு ‘ஈறு நீக்கம்’ என்று பட்டியலில் இருக்கிறது. ஈறு முழுவதையும் எடுத்துவிடுவதாக அர்த்தமாகிறதே! ‘மிகையீறு நீக்கம்’ என்று மாற்றலாம் என நினைக்கிறேன். பட்டியலை முடிப்பதற்குள் குழுவிலுள்ள பல் மருத்துவர்கள் இதற்கு மட்டுமாவது பதில் எழுத வேண்டுகிறேன்.