லூயிஸ் தீவில் மளிகை வாங்கும் அனுபவம்

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் உள்ள லூயிஸ் தீவின் வடகோடியான நெஸ் பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவதென்றால், மரமே இல்லாத சதுப்பு வெளியைக் கடந்து, 40 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஸ்டோர்னோவே நகருக்குத்தான் காரில் செல்ல வேண்டும். அங்கே டெஸ்கோ, கோ-ஆப் என்ற சூப்பர்மார்க்கெட்டுகள் இருக்கின்றன. ஊர்க்கடையைவிட விலை குறைவு, வகைகளும் அதிகம் என்பதால் நாங்களும் தொடக்கத்தில் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினோம்.

இங்குப் புதிதாகக் குடிவருபவர்கள் கப்பலைப் பற்றி அறிந்திருப்பது மிகவும் அவசியம். அந்தக் கடைகளின் அலமாரிகளில் இருப்பவற்றுள் பெரும்பகுதி, ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் உள்ள உல்லாப்பூல் துறைமுகத்திலிருந்து மின்ச் கடலைக் கடந்து, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் பயணம் செய்து வரும் கப்பலில், லாரிகளோடு வந்து இறங்குவதாகும். குளிர்காலப் புயலில் கப்பல் நின்றுவிட்டால் முதலில் பாலும் ரொட்டியும், அடுத்துக் கீரையும் பழங்களும் தீர்ந்துபோகும். ஞாயிறைக் கிறிஸ்தவ ஓய்வுநாளாகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஊர் என்பதால், 2024 நவம்பர் வரை டெஸ்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்ததில்லை. ஆகவே அப்போதெல்லாம் புயல் வார இறுதியில் வந்தால் சனிக்கிழமை மாலையே கடை காலியாகிவிடும்.

அப்படியொரு ஜனவரிப் புயலின்போது நகருக்குப் போய் வெறும் பையோடு திரும்பிய எங்களை, பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த ஊர்க்கடையில் அதை நடத்தும் அம்மையார், "குழந்தை இருக்கும் வீடாயிற்றே, உங்களுக்கென்று பால் எடுத்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி வரவேற்றார். தனியாக வாழும் முதியவர்கள் ஒவ்வொருவருக்கும் அவ்வாறே பங்கு ஒதுக்கியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தம் நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கையும் முட்டைகளையும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கார் ஓட்ட இயலாத முதியவர்களுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு வழி கிடையாது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அதன்பிறகு, சற்று விலை கூடினாலும் பால், ரொட்டி, முட்டை ஆகியவற்றை அங்கேயே வாங்குகிறோம்.

இட்லி அரிசி, உளுந்து, புளி போன்றவற்றைப் பெருநிலத்துத் தமிழ்க் கடைகளிலிருந்து பார்சலில் வரவழைத்து, அக்டோபருக்குள் இருப்பு வைத்துவிடுகிறோம். கறிவேப்பிலை வாடி வருவதுண்டு. வந்தவுடன் உருவி உறைய வைத்துவிட வேண்டும். தீவுகளுக்கு அனுப்பக் கூடுதல் கட்டணம் கேட்பவர்களும், அனுப்பவே மறுப்பவர்களும் உள்ளதால், பணம் செலுத்துமுன் உங்கள் அஞ்சல் குறியீட்டை உள்ளிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.