யுலாஞ்சரை என் வேலைக்கு ஏற்றபடி மாற்றிய அனுபவம்

மொழிபெயர்ப்பு என் வேலை. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நாள் முழுக்கத் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறித் தட்டுவேன். ஒவ்வொரு செயலியைத் திறக்கவும் மவுஸைத் தேடிப் போவது எரிச்சலாக இருக்கவே, பெயரைத் தட்டினால் செயலியைத் திறந்து தரும் தேடல் பெட்டியான யுலாஞ்சரை நிறுவினேன்.

முதல் நாளே மோதல். அதைத் திறக்கும் விசை கன்ட்ரோல் + ஸ்பேஸ். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்ட நான் வைத்திருக்கும் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற மொழி மாற்றும் மென்பொருளுக்கும் இயல்பாக அதே விசைதான். தமிழுக்கு மாறலாம் என்று அழுத்தினால் தேடல் பெட்டி வந்து நிற்கும். எழுத்து மாற்றும் விசை பல வருடப் பழக்கம், அதைத் தொட மனம் வரவில்லை. யுலாஞ்சரை ஆல்ட் + ஸ்பேஸுக்குக் கொண்டுபோனேன். உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமில் அது சன்னல் மெனுவுக்கான விசை என்பதால் முதலில் அங்கே நீக்க வேண்டியிருந்தது. திரையில் சன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டில் இருப்பவர்கள் யுலாஞ்சரின் அமைப்பில் மட்டும் மாற்றினால் போதாது. க்னோமின் விசைப்பலகை அமைப்பில் தனிக் குறுக்குவிசை போட்டு, ‘யுலாஞ்சர்-டாகிள்’ என்ற கட்டளையை அதற்குக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு வாரம், திரும்பத் திரும்ப எதைத் திறக்கிறேன் என்று தாளில் குறித்தேன். முதலிடம் அகராதிக்கு! ஷார்ட்கட்ஸ் பகுதியில் இணைய அகராதியான தமிழ் விக்சனரியின் தேடல் முகவரியை ஒட்டி, சொல் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் போட்டேன். இப்போது ‘டபிள்யூ’, ஓர் இடைவெளி, தேடும் சொல், என்டர். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் மனதிலிருந்து நழுவுவதற்குள் பொருள் கிடைத்துவிடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை. அன்றைய தேதியில் கோப்புறை உருவாக்கித் திறக்கும் சின்ன பாஷ் ஸ்கிரிப்டையும் (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) அதே பகுதியில் சேர்த்தேன். ஆசையில் போட்ட நீட்சிகளில் பாதியை எடுத்துவிட்டேன். அவை பட்டியலை நீட்டின, அவ்வளவுதான்.

• • •

மேலே யுலாஞ்சர் பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. நான் க்னோமுக்குப் பதிலாக கேடிஇ என்ற திரைச்சூழல் பக்கம். யுலாஞ்சரைப் போன்ற கேரன்னர் அதன் கூடவே வருவதால் தனியாக எதுவும் நிறுவவில்லை. ஆனால் ஒரு பெயரைத் தட்டினால் கோப்புகள், புத்தகக்குறிகள் எல்லாம் வந்து குவியும், வேண்டிய செயலி கீழே கிடக்கும். அமைப்பில் தேவையில்லாத தேடல் செருகுநிரல்களை அணைத்தேன். செயலிகளும் கணக்குப் போடுவதும் அலகு மாற்றமும் மட்டும் வைத்திருக்கிறேன். அச்சு வேலையில் அங்குலத்தைச் சென்டிமீட்டராக்க அங்கேயே தட்டிவிடுவேன், கால்குலேட்டரைத் திறப்பதே இல்லை. உங்களைப் பார்த்து விக்சனரியையும் இப்போது சேர்த்துவிட்டேன். இங்கே எழுத்துக்குப் பின் இடைவெளி அல்ல, முக்காற்புள்ளி.