மின்ட் போட்டால் என் பாமினி மனுக்கள் திறக்குமா?

காலடிப்பேட்டை ஜெராக்ஸ்:
வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப் 2014ல் வாங்கியது, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவச அப்டேட் நின்றது. 11ஐ இந்தப் பிராசஸர் ஏற்காதாம். அக்கா பையன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறான். எனக்கு மின்ட் என்றால் வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டுதான்! பயம் ஒன்றே ஒன்று: பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று என் மனு மாதிரிகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. போன வருஷம் ஒன்றை வேறு கடையில் திறந்தபோது, "ஐயா" இருக்க வேண்டிய இடத்தில் ஏபிசிடி வந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வியாசர்பாடி ஆள்:
அக்கா, மனு எங்கும் போகாது. பாமினி கோப்புக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துதான். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அந்தக் கடையில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து பாமினியையும், கூடவே மனுக்களையும் தனிப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்டில் ஹோமுக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு (ஆங்கிலச் சின்ன எழுத்து, முன்னால் ஒரு புள்ளி) அதில் பாமினியை வையுங்கள். உடனே இன்ஸ்டால் வேண்டாம். மின்ட் ஏற்றிய பென் டிரைவிலிருந்தே அது ஓடும். பிரின்டர், வைஃபை, ஒரு மனு மூன்றையும் பாருங்கள். 4 ஜிபிக்கு மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு போதும்.

பழைய பேட்டரி:
பேட்டரி நிற்கிறதா? இன்ஸ்டால் பாதியில் கரண்ட் போய் நான் முதலிலிருந்து ஆரம்பித்தவன். அப்புறம், இனிமேலாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு வாருங்கள். மின்டில் தமிழ் டைப் செய்ய உதவும் ஐபஸ் எம்17என் மென்பொருளில் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டு விசைப்பலகையும் உண்டு.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ்:
தம்பி, ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுப் பென் டிரைவில் ஓட்டிப் பார்த்தேன். பாமினி வந்துவிட்டது! பென்ஷன் மனுவில் கையொப்பம் மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. மார்ஜினைக் குறைத்ததும் திரும்பி வந்தது. பிரின்டர் ஓகே. வைஃபை பெயரே காட்டவில்லை, அதற்கு என்ன செய்ய? யூனிகோடு புது மனுவுக்குச் சரி. பழைய முந்நூறையும் யார் மாற்றுவது?

வியாசர்பாடி ஆள்:
போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்கள், நெட் வரும். இன்ஸ்டால் ஆனதும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், வைஃபைக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருந்தால் அதுவே காட்டும். போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.