தம்பியின் காதும் முதுகெலும்பும்

முரசுமோட்டையிலிருந்து:

என் தம்பிக்கு இடது காது கேட்காது. 2009 மாசியில் தேவிபுரத்தில் பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்த நாளிலிருந்து அந்தக் காதில் வெறும் இரைச்சல்தான். போன சிறுபோகம் நெல் மூட்டை தூக்கும்போது அவனுக்கு இடுப்புப் பக்கம் நாரி பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியவில்லை.

அப்போது கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்து நின்றார். அங்கே கைரோபிராக்டர்கள் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வார்கள் என்றார். அதோடு ஒரு கதையும் சொன்னார். 1895 இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் பால்மர் என்பவர், காது கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் விலகி நின்ற எலும்பொன்றை அழுத்தினாராம். காது கேட்கத் தொடங்கிவிட்டதாம். அந்த மருத்துவமே அப்படித்தான் பிறந்ததாம். அவர் சொல்லி முடிக்க முன்னமே அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தா. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

விசாரித்து, அதே மாதிரிச் செய்கிற ஒருவரிடம் போனோம். சுவரில் முதுகெலும்புப் படம் ஒன்று. ஒவ்வொரு எலும்புக்கும் நேரே வயிறு, சிறுநீரகம், நெஞ்சு என்று கோடு இழுத்திருந்தது. எலும்பு கொஞ்சம் விலகினாலும் நரம்பு நெரிபடும், அந்த நரம்பு போகிற உறுப்பு கெடும் என்றார். அம்மாவின் சீனி வருத்தத்துக்கும் கழுத்தெலும்புதான் காரணமாம். தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்தினார். 'பளக்' என்று ஒரு சத்தம். "கேட்டதா? எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது" என்றார்.

நாரி நோ குறைந்தது உண்மை. மூன்று நாள் நன்றாக நடந்தான். ஆனால் அன்றிரவு அம்மா அவனுடைய இடது காதடியில் நெருப்புப்பெட்டியைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தா. அவன் ஒன்றும் சொல்லாமல் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

பிறகு பிசியோதெரபி செய்யும் தங்கச்சி ஒருத்தி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அந்தச் சத்தம் எலும்பு நகர்ந்த சத்தமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம், விரல் முறிக்கும்போது வருவது போல. கேட்கும் நரம்பு உட்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டுக்குப் போய்விடும், முதுகெலும்புப் பக்கம் வருவதே இல்லை. நரம்பு நெரிபடுவது பொய்யில்லை. நாரியில் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கினால் கால்வரை மின்னல் மாதிரி இழுக்கும். அதற்காக எல்லா வருத்தமும் அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்ல முடியாது. பிரித்தானியாவில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்யும் சபையே 2010 இல், எலும்பு விலகல் நோய்களுக்குக் காரணம் என்று சொல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்திருக்கிறது.

நாரிக்குப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. காதுக்கும் சீனிக்கும் முட்டு இழுப்புக்கும் என்று ஆசை காட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சனத்துக்கு அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது.

மாங்குளத்திலிருந்து:

அக்கா, உடம்பில் செல் துண்டு இருக்கா என்று அவர் கேட்டாரா? எனக்கு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் முறிவு நெரிவு வைத்தியர் ஐயா எண்ணெய் தொடமுன் விரலால் தடவிப் பார்த்தார், தழும்பைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். "முதலில் எக்ஸ்றே எடு தம்பி, நான் தொடமாட்டேன்" என்றார். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் இரும்பு இருக்கா என்று முதலில் சொல்ல வேண்டும், அந்தக் காந்தம் துண்டை நகர்த்தலாம். கால் விறைத்தாலோ, சலம் போவது தெரியாமல் போனாலோ, யாரிடமும் அழுத்தக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தைச் சடாரென்று திருப்பவும் விடாதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கழுத்தெலும்புக்கு உள்ளால்தான் போகிறது. அரிதென்றாலும் அது கிழிந்து பாரிசவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

முரசுமோட்டையிலிருந்து:

கேட்கவில்லை தம்பி. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இவனுக்குத் தோளில் சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. அடுத்த மாதம் காது பரிசோதனைக்குத் திகதி தந்திருக்கிறார்கள், கருவி பொருந்துமா என்று பார்ப்பார்களாம். அம்மாவும் வருகிறா.