பிரசவத்துக்குப் பிறகு இதய பலவீனம்: சென்னையில் காட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் தோழிகளே. பெரம்பூரில் இருக்கிறோம். என் தங்கைக்குப் பிரசவமாகி ஆறு வாரம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்கினாள். காலில் கொலுசைக் கழற்றிய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. முதலில் காட்டிய இடத்தில், "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

வேறொரு டாக்டர்தான் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 35 சதவீதம்; 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். பிரசவத்தை ஒட்டி இதயத் தசை பலவீனமாகும் இந்த நோய்க்குப் பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்று பெயராம். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரை வரக்கூடியது, பலருக்கு மருந்திலேயே தேறிவிடும் என்றார். இப்போது வீக்கம் வடிந்திருக்கிறது.

இனி மாதக்கணக்கில் பார்க்க வேண்டும், தனியாரில் கட்டுப்படியாகாது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்குக் காட்டியவர்கள் சொல்லுங்கள்: இதயப் பிரிவு ஓ.பி. எந்த நாள், எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? வெளியில் எடுத்த எக்கோவை ஏற்பார்களா? அடுத்த குழந்தை, கருத்தடை பற்றிப் பேச எழும்பூர் தாய் சேய் மருத்துவமனைக்குத் தனியாகப் போக வேண்டுமா?

அப்புறம், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோ பால் சுரக்கும் என்று கருவாட்டுக் குழம்பை விடுவதாயில்லை. உப்பு குறைத்த பத்தியச் சமையல் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள்.