மரத்தடியில் ஜிபிஎஸ் புள்ளி ஓடிக்கொண்டே இருக்கிறது, கருவி பழுதா?

காட்டுப்பூச்சி:
மரக் கணக்கெடுப்புக்காகக் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் புள்ளிகள் பதிகிறோம். காலையில் ஆன் செய்தால் சாட்டிலைட் பிடிக்கவே ரொம்ப நேரம் ஆகிறது. பிடித்த பிறகும், ஒரே மரத்தடியில் அசையாமல் நின்றாலும் புள்ளி 10, 15 மீட்டர் அங்கும் இங்கும் ஓடுகிறது, ஆனால் திரையில் துல்லியம் 4 மீட்டர் என்றுதான் காட்டுகிறது! போனிலோ சட்டென்று இடம் கிடைத்துவிடுகிறது. கருவியை மாற்ற வேண்டுமா?

வடமுனை:
வேண்டாம். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது, அதை முழுசாக வாங்க 30 நொடி சிக்னல் அறுபடாமல் இருக்க வேண்டும், நடுவில் ஒரு கிளை மறைத்தால் விட்டுப்போன பகுதி மறுபடி வரும் வரை காத்திருப்புதான். அந்த விவரமும் சுமார் 4 மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதால் நேற்று வாங்கியது இன்று உதவாது. போன் இதையே இணையத்தில் இறக்கிக்கொள்கிறது, அதனால்தான் அந்த வேகம். காட்டுக்குள் போகும் முன் வெட்டவெளியில் ஆன் செய்து சில நிமிடம் நில்லுங்கள்.

சுற்றுக்கல்:
அந்த 4 மீட்டரை ரொம்ப நம்பாதீர்கள். அது கருவி தானே போட்டுக்கொள்ளும் மதிப்பீடு. அடிமரத்திலும் ஈர இலைகளிலும் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் சுற்றுவழியில் வந்தது என்று அதற்குத் தெரியாது. மெனுவில் சராசரி எடுக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் தொடர்ந்து 2 நிமிடம் எடுப்பதைவிட ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்து இன்னொரு முறை எடுப்பது நல்லது, அதற்குள் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும், பிழையும் வேறு பக்கம் சாயும். இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது: பக்கத்தில் வானம் தெரியும் இடைவெளியில் புள்ளியைப் பதிந்துவிட்டு, அங்கிருந்து மரத்துக்குத் திசையும் தூரமும் காம்பஸ், டேப் வைத்து அளந்துவிடுங்கள். அடர்ந்த காட்டில் இதை மிஞ்ச விலையுயர்ந்த கருவிதான் வேண்டும்.

காட்டுப்பூச்சி:
நன்றி இருவருக்கும். அப்புறம் இன்னொன்று, எங்கள் புள்ளிகளைப் பழைய அச்சு வரைபடத்தில் குறித்தால் எல்லாமே ஒரே பக்கமாகச் சில நூறு மீட்டர் தள்ளி விழுகின்றன. இதுவும் மரத்தாலா?

வடமுனை:
மரம் பாவம், அதை விடுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்ந்தால் அது டேட்டம் (அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் அளக்கிறோம் என்பது) பிரச்சினை. கருவி வழக்கமாக டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில் கணக்கிடும், பழைய வரைபடம் வேறொன்றில் வரைந்திருப்பார்கள், பெயர் அதன் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். கருவியின் அமைப்பைத் தொடாதீர்கள், வீட்டுக்கு வந்து கணினியில் மாற்றிக்கொள்ளலாம்.

சுற்றுக்கல்:
கையால் நோட்டில் எழுதுகிறவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் டிகிரியை எழுதும் வடிவத்தையும் பாருங்கள். 10 டிகிரி 30 நிமிடம் என்பதை யாராவது 10.30 என்று பதிந்தால் (10.5 என்று வர வேண்டும்) அட்சரேகையில் சுமார் 22 கிலோமீட்டர் போய்விடும்.