ஃபால்செட்டோ: பொய்க்குரலா, விளிம்புக்குரலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆண் பாடகர் தன் இயல்பான குரலெல்லையைத் தாண்டி மெல்லிய குரலில் மேலே பாடுவதை ஃபால்செட்டோ என்கிறார்கள். நம் இசைக் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழ்ச்சொல்லாகப் 'பொய்க்குரல்' போதும் என்று நேற்று முடிவு கட்டிவிட்டீர்கள். மூலச்சொல்லின் பொருளும் அதுதான். நம் பாடகர்கள் 'கள்ளக்குரல்' என்கிறார்கள். ஆனால் நான் குறிப்பெழுதிக்கொண்டிருக்கும் படைப்பில் அந்தச் சொல் முள்ளாய் உறுத்துகிறது.

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் 'ஒரெஸ்தேயா' நாடகங்களுக்கு இசையமைப்பாளர் இயானிஸ் ஸெனாக்கிஸ் அமைத்த இசை 1966-இல் அரங்கேறியது. 1987-இல் அதனோடு 'கஸாண்ட்ரா' பகுதியைச் சேர்த்தார். இசைப்பவர் இருவரே: ஒரு பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகர், ஒரு தாளக் கலைஞர். பாடகரே 20 தந்திக் கருவி ஒன்றையும் மீட்டுகிறார். கஸாண்ட்ராவும் ஊர்ப் பெரியவர்களும் பேசும் காட்சி முழுவதையும் அந்த ஒரே தொண்டைதான் சுமக்கிறது. பெரியவர்கள் கீழ்க்குரலில், அவள் ஃபால்செட்டோவில். வழுக்கிக்கொண்டே மேலேறும் குரல், மறுகணம் கிழவர்களின் அடித்தொண்டையில் விழுகிறது.

கஸாண்ட்ராவோ வருவது உரைக்கும் டிராய் நாட்டு இளவரசி, அப்போலோ தெய்வத்தின் சாபம் பெற்றவள். சொல்வதெல்லாம் பலிக்கும்; ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்த ஊர் மன்னன் அகமெம்னானின் சாவைப் பார்க்கப்போகிறீர்கள் என்று பெயர் சொல்லியே சொல்கிறாள். வாயை மூடு என்கிறார்கள். அவள் குரலை நாமும் 'பொய்' என்றால், அந்தக் கிழவர்கள் வரிசையில் போய் நிற்கிறோம்!

'உச்சக்குரல்' என்றால் ஸ்தாயியோடு (சுரங்களின் மேல், கீழ் அடுக்கு) குழம்பும். 'பெண்குரல்' வேண்டவே வேண்டாம். ஃபால்செட்டோவில் குரல்நாண்கள் நீண்டு மெலிந்து, பெரும்பாலும் விளிம்பு மட்டுமே அதிர்கிறது. இடைவெளி முழுதாக மூடாததால் காற்றும் கலந்து ஒலிக்கிறது. எனவே 'விளிம்புக்குரல்' என்கிறேன்.

மறுமொழி:

ஐயா, பழந்தமிழிசையில் 'குரல்' முதல் சுரத்தின் பெயராயிற்றே? பண்ணாராய்ச்சி செய்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். மிடறு என்றால் தொண்டை, பாடும் குரல்; 'விளிம்புமிடறு' எனலாமே.

மறுமொழி:

வரட்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'மிடறும்' என்று முடியும் அடிக்கு அடுத்த அடியே 'தாழ்குரல் தண்ணுமை' என்றுதான் தொடங்குகிறது; தண்ணுமை ஒரு தோற்கருவி. அங்கே குரல் சுரமன்று, ஒலி. மிடறு அருமையான சொல்தான், ஆனால் இன்று அதைக் கேட்டால் ஒரு வாய்த் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். பட்டியலில் 'பொய்க்குரல்' இருந்துவிட்டுப் போகட்டும், பழகியவர்கள் தேடுவார்கள். என் குறிப்பில் கஸாண்ட்ரா விளிம்புக்குரலில்தான் பாடுவாள்.